புகை போக ஒரு வழி

கர்ர்ர்ர் என்று ஆரம்பித்தது. மாடி வீட்டுக்காரர் அடுக்களைச் சுவரில் ஓட்டை போடுகிறார். புகை இழுக்கிற மிஷின் வைக்கப்போகிறாராம். டிரில்லின் சத்தம் என் கடைவாய்ப் பல்லுக்குள் இறங்கியது. சிமெண்ட் பொடி வாசம் படிக்கட்டு வழியாக வந்து மூக்கில் உட்கார்ந்தது. எல்லாம் கொஞ்ச நேரம்தான். வந்த ஆள் ஓட்டையில் மிஷினைச் செருகினான், ஒரு டீ குடித்தான், பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இவ்வளவுதானா? ஒரு சுவரில் ஓட்டை போட இவ்வளவுதான் ஆகுமா? ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் இறங்கும்வரை எங்கள் வாப்பாவால் இதைச் செய்ய முடியாமல் போயிற்றே. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும், சூடு ஆறாத அடுப்பு மாதிரி, கிளறினால் உள்ளே சிவப்பாகத்தான் இருக்கிறது.

உங்களில் தீவில் வளர்ந்தவர்களுக்கு டெலானிபூர் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர்ட் பிளேயரில் சமமாகக் கிடக்கிற நிலம் குறைவு. எல்லாம் சாய்ந்து படுத்திருக்கும். ஒருவர் கூரைக்கு மேல் இன்னொருவர் வாசல். அந்தச் சரிவில், அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே, பல்லிடுக்கு மாதிரி ஒரு துண்டு மனை வாப்பாவுக்குக் கிடைத்தது. எனக்கு ஒன்பது வயது. அதுவரை அபர்தீன் பஜாரில் வாப்பாவின் துணிக்கடைக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். வாப்பா, உம்மா, நான், கைக்குழந்தையாக என் தம்பி, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து பிரிக்கப்படாமல் கிடக்கும் துணிப் பெட்டிகள்.

உம்மாவுக்கு நெஞ்சில் இழுப்பு. ஈர விறகுப் புகை பட்டால் போதும், மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு விசில். தீவில் எந்த விறகு காய்ந்திருக்கிறது? வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. அறுத்த மரம் அடுப்புக்கு வந்த பிறகும் தளிர்க்கப் பார்க்கும். கடைக்குப் பின்னால் இருமி இருமிக் காலம் தள்ளிய உம்மா, சொந்த வீடு என்ற பேச்சு வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். அடுப்பங்கரையில கடல் பக்கமா ஒரு ஜன்னல் வச்சுத் தாங்க. புகை போகணும். அவ்வளவுதான்."

"ஜன்னல் இல்லாம ஒரு வீடா? என்ன புள்ள பேசுற" என்றார் வாப்பா. சிரித்தார் என்றுகூட நினைவு.

வாப்பா மார்க்கம் படித்த ஆலிம் அல்ல, துணி விற்கிறவர். ஆனால் இளவயதில் கீழக்கரையில் உட்கார்ந்து கேட்ட மார்க்கப் பயான்கள் அத்தனையும், அலமாரியில் அடுக்கிய சீத்தைத் துணி மாதிரி, அவர் தலைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தன. எதை எப்போது உருவி விரிப்பார் என்று தெரியாது. வீடு கட்டும்போது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உருவினார்.

முதலில் பலா மரம். மனையின் கடல் பக்க மூலையில் நின்றது. மிஸ்திரி வந்ததே கோடாலியோடுதான். மிஸ்திரி 'லோக்கல் பார்ன்'. அந்தக் காலத்தில் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆறடிக்கு மேல் உயரம். தமிழையும் இந்தியையும் ஒரே வாயில் போட்டுக் குதப்பிப் பேசுவார்.

"வெட்டாதே" என்றார் வாப்பா. "கிளி திங்குது, வௌவால் திங்குது. அதுங்க திங்கிற ஒவ்வொரு சுளையும் நட்டவனுக்கும் சதக்கா, தர்மக் கணக்கு; காப்பாத்துறவனுக்கும் சதக்கா."

"டீக் ஹை பாய். அப்போ வீடு எங்கே வைக்கிறது? மரத்து மேலயா?"

"வளைச்சுக் கட்டு."

வளைத்துக் கட்டினார். எங்கள் வீடு முழங்கையை மடக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்த முழங்கைக்குள் அடுப்பங்கரை மாட்டிக்கொண்டது.

அடுத்தது தண்ணீர். கூரைத் தகரத்தில் விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகக் கூடாது. தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஒளுவை ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து செய்தாலும் தேவைக்கு மேல் அள்ளக் கூடாது என்பது வாப்பா அடிக்கடி உருவுகிற துணி. ஆகவே கூரை சரிகிற பக்கம் ஒரு பெரிய தொட்டி, ஒளு செய்த தண்ணீர் தானாக வாழைக்குப் போகிற மாதிரி ஒரு கால்வாய். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குவளை, குவளையில் பெயிண்ட்டால் ஒரு கோடு. கோட்டைத் தாண்டி மொண்டால் வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், சும்மா பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அடி தேவலை. தொட்டியை அடுப்பங்கரைச் சுவரை ஒட்டி வைத்தார். ஏன் தெரியுமா? உம்மா குடம் சுமக்கக் கூடாதென்று. நிஜமான அக்கறை. அப்படியாக அடுப்பங்கரையின் ஒரு பக்கம் அடைபட்டது. பின்பக்கம் வெட்டிய மண்மேடு. இன்னொரு பக்கம் வீட்டின் உள்ளறை. மீதி இருந்தது கடல் பக்கச் சுவர் மட்டும்.

அப்புறம் காற்று. எங்களுக்கு மேல் வீட்டில் ஒரு வங்காளி வாத்தியார் குடியிருந்தார். கடலிலிருந்து ஏறி வருகிற காற்று எங்கள் கூரையைத் தாண்டித்தான் அவருக்குப் போக வேண்டும். அண்டை வீட்டுக்காரன் சம்மதமில்லாமல் அவன் காற்றை மறிக்கிற மாதிரி வீட்டை உயர்த்தக் கூடாது, அது அவன் ஹக்கு, அவனுக்கு உரிய பங்கு என்றார் வாப்பா. கூரையைத் தாழ்த்தினார். எவ்வளவு தாழ்த்தினார் என்றால், மிஸ்திரி வேலை முடிகிறவரை எங்கள் வீட்டுக்குள் தொழுகையின் ருகூவில் குனிந்தபடியேதான் நடமாடினார். அந்த வங்காளி வாத்தியாருக்குச் சளி பயம். அவர் தன் ஜன்னலைத் திறந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்போது சொல்லுங்கள், இந்த மனுஷரோடு யார் சண்டை போட முடியும்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் நியாயம். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் உம்மாவின் நெஞ்சின்மேல் வைத்த அம்மி.

கடல் பக்கச் சுவர் இடுப்பளவு எழுந்தபோதுதான் கீழ் வீட்டுச் சமாசாரம் வந்தது. கீழே குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், ஏதோ ஆபீஸில் கிளார்க், மனைவியோடு இருந்தார். அவர்கள் வீட்டுப் பின்னால் சாக்குத் தட்டி கட்டிய குளிக்கிற மறைப்பு ஒன்று, மேலே கூரை கிடையாது. எங்கள் மனை புதராகக் கிடந்த காலத்தில் கட்டியது. மேலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள், வௌவாலா?

வாப்பா அன்று உருவிய துணிதான் எல்லாவற்றையும் மூடியது.

"ஜன்னல் வைக்கிற எடத்துல ஒரு கட்டிலைப் போட்டு, அதுமேல நடுத்தர ஒயரமுள்ள ஆளை நிறுத்திப் பாக்கணும். அடுத்த வீட்டு உள்பக்கம் அவன் கண்ணுக்குத் தெரிஞ்சா, அங்க ஜன்னல் கூடாது. அந்தக் காலத்துல அப்படித்தான் அளந்திருக்காங்க."

நடுத்தர உயரம் வேண்டுமென்றால் வாப்பாவே ஏறியிருக்கலாம். ஆனால் வாப்பாவிடம் பேணுதல் என்று ஒரு வியாதி இருந்தது. கேட்டதற்கு மேல் ஒரு முழம் விட்டு வெட்டுகிற துணிக்கடைக்காரர் அவர். கட்டிலில் மிஸ்திரியை ஏற்றினார். மிஸ்திரியின் தலை கூரைச் சட்டத்தில் டங்கென்று இடித்தது. கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றார். வாப்பா கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கண்ணையும் மூடிக்கொண்டார்.

"க்யா திக்தா ஹை? என்ன தெரியுது?"

"சமுந்தர், பாய். கடல். பஹுத் படியா, ஜோரா இருக்கு."

"கடலைக் கேக்கல. கீழே பாரு."

"கீழே சாக்குத் தட்டி. உள்ளே ஒரு கல்லு, ஒரு வாளி. ஒரு சோப்பு டப்பா."

"சோப்பு டப்பாவே தெரியுதா?"

"லால், செவப்பு கலர், பாய். மூடி இல்லே."

வாப்பா முகம் வெளுத்துவிட்டது. "எறங்கு, எறங்கு. சுவரை மேல வரைக்கும் ஏத்திடு."

மிஸ்திரி இறங்கவில்லை. "அரே பாய், ஹவா கிதர் சே ஆயேகா? காத்து எங்கேர்ந்து வரும்? அம்மா சூல்ஹா எரிப்பாங்க, தூஆன், புகை எங்கே போகும்?"

"வாசல் இருக்கில்ல" என்றார் வாப்பா.

அன்று சாயங்காலம் பஜாரிலிருந்து உம்மா வீடு பார்க்க வந்தாள். துப்பட்டியை விலக்கி அந்த மொட்டைச் சுவரைப் பார்த்தாள். கையால் தடவிப் பார்த்தாள், எங்கேயாவது ஜன்னல் ஒளிந்திருக்குமோ என்பதுபோல்.

"எங்க ஜன்னல்?"

"கீழ் வீட்டு அம்மா குளிக்கிற எடம் தெரியுது புள்ள."

"அடுப்பங்கரையில நான்தானே நிக்கப் போறேன். பொம்பளய பொம்பள பாத்தா என்ன?"

"நாளைக்கு உன் மகன் பெரியவனாயி நிக்க மாட்டானா?"

"அவனுக்கு இன்னும் பல்லே மொளைக்கல."

"பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

உம்மா அதற்குமேல் பேசவில்லை. பேசுவதற்கு மூச்சு வேண்டுமே.

குடிவந்தோம். வெயில் மாதங்கள். விறகு கொஞ்சம் உலர்ந்திருந்ததால் உம்மா சமாளித்தாள். ஆனாலும் அந்த அறையில் புகை ஒரு ஆள் மாதிரி குடியிருந்தது. முதலில் கூரைக்குக் கீழே மெத்தைபோல விரிந்து படுக்கும். உலை கொதிக்கும்போது உம்மாவின் நெற்றிவரை இறங்கும். மீன் பொரிக்கையில் கழுத்துக்கு வரும். கடைசியில் உம்மா தரையில் உட்கார்ந்து, ஏறக்குறையப் படுத்தபடி, புகைக்கு அடியில் மீதமிருக்கிற அந்தச் சாண் காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு கரண்டியால் மேலே துழாவுவாள். எங்கள் தலையணை, பள்ளிக்கூடப் பை, தம்பியின் உச்சந்தலை எல்லாம் புகை வாசம்.

வாப்பா சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பிஸ்கட் டின்களை வெட்டி ஒட்டி ஒரு குழாய் செய்து கூரை வழியாக வெளியே விட்டார். இரண்டு நாள் உம்மா நிமிர்ந்து நின்று சமைத்தாள். மூன்றாம் நாள் புகை நேராக மேல் வீட்டு வாத்தியார் வாசலுக்குப் போவதை வாப்பா பார்த்துவிட்டார். அடுத்த வீட்டுக்குப் புகை அனுப்புவது எவ்வளவு பெரிய தீங்கு. அன்றைக்கே குழாயைப் பிடுங்கி ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தார். வாத்தியார் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். குழாய் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது அவருக்கு.

அன்று இரவுச் சோற்றை வைத்துவிட்டு உம்மா சொன்னாள்: "மழை எறங்குறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. மழையில இந்த ரூமுக்குள்ள என்னால உசிரோட இருக்க முடியாது. இல்லேன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கப்பல் ஏறிடுவேன்." கத்தவில்லை. உப்பு போதுமா என்று கேட்பதுபோல் சொன்னாள்.

வாப்பா பயந்துபோய்ப் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ஓடினார். ஆலிம்சா லேசான மனுஷர். "இதுக்கா இவ்வளவு பாடு? அண்டை வீட்டுக்காரர் மனசார ஒத்துக்கிட்டா முடிஞ்சுது. போய்க் கேளும்" என்றார். இவ்வளவு எளிதாக ஒரு வழி இருக்கும் என்று வாப்பா நினைத்திருக்கவில்லை. ஒரு தட்டு பேரீச்சம்பழத்தோடு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, கீழ் வீட்டுக்கு இறங்கினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை மறக்கவில்லை.

"வாங்க பாய், உக்காருங்க" என்றார் கிளார்க். மனைவி உள்ளே காப்பி கலக்கிற சத்தம்.

வாப்பா உட்காரவில்லை. "சார், உங்க வீட்டம்மா குளிக்கிற எடம் எங்க அடுப்பங்கரையிலேர்ந்து தெரியும்."

காப்பி கலக்கிற சத்தம் நின்றது.

"யாருக்குத் தெரியும்?"

"ஜன்னல் வச்சா தெரியும் சார். இப்ப ஜன்னல் இல்லை."

"ஜன்னலே இல்லாம உமக்கு எப்படிவே தெரிஞ்சுது?"

வாப்பா பொய் சொல்லத் தெரியாதவர். தெரிந்திருந்தால் எங்கள் குடும்பமே தப்பித்திருக்கும். "நான் பாக்கல சார். மிஸ்திரியைக் கட்டில் மேல ஏத்திப் பாக்கச் சொன்னேன்."

"கட்டில் போட்டா?"

"நம்ம முறைப்படி அப்படித்தான் பாக்கணும் சார். சோப்பு டப்பா வரைக்கும் தெரிஞ்சுதாம். அதான் உங்க சம்மதம் கேட்டுட்டு—"

"எந்திச்சுப் போரும்வே" என்றார் கிளார்க். வாப்பா உட்காரவே இல்லை, பாவம். பேரீச்சம்பழத் தட்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

படி ஏறும்போது வாப்பா என்னிடம், "சம்மதம் இல்லைன்னுட்டார். நல்ல மனுஷர், தெளிவாச் சொல்லிட்டார்" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை. வாப்பா தினமும் கடைக்கு இறங்குகிற நடைபாதை அந்த வீட்டின் பின்பக்கமாகத்தான் போகும். அந்த வளைவு வந்ததும், மழையோ வெயிலோ, குடையை விரித்து அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். பார்வை தப்பித்தவறியும் அந்தப் பக்கம் விழக் கூடாது. குடைக்குப் பின்னால் ஒரு தாடியும் இரண்டு செருப்பும் மட்டும் வேகமாகப் போகும். உம்மாவோ கோஷா, பிற ஆண்கள் கண்ணில் படாதவள். பகலில் அந்த நடைபாதைப் பக்கம் வரவே மாட்டாள். வந்தாலும் பார்க்க ஜன்னல் இல்லை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் வாப்பாவைத் திட்டியது இதைத் தள்ளிப்போடத்தான் என்று உங்களுக்குப் பட்டிருக்கலாம்.

வாப்பா வெட்டாமல் விட்ட பலா மரத்தில் நான் ஏறினேன். பெண்பிள்ளை மரம் ஏறினால் உம்மா கரண்டிக் காம்பால் முட்டியில் தட்டுவாள். ஆனால் அடுப்பங்கரைக்குக் கண் இல்லையே. முற்றத்தின் அந்த மூலையில் நான் என்ன செய்தாலும் யாருக்கும் தெரியாது. பலா இலையின் பின்பக்கச் சொரசொரப்பு, கையில் ஒட்டிய பால், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்தப் பிசுக்கு. மேலே மூன்றாவது கிளையில் உட்கார்ந்தால் கடல் முழுக்க எனக்கு. மெயின்லேண்ட் கப்பல் வருவதை ஊரில் முதலில் பார்க்கிறவள் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வெயில் காலம் மாதிரி ஒரு சுதந்திரம் எனக்கு வாழ்க்கையில் பிறகு வாய்க்கவில்லை.

அந்தக் கிளையிலிருந்துதான் பார்த்தேன். கீழ் வீட்டில் சாக்குத் தட்டி இல்லை. கல் இல்லை, வாளி இல்லை, மூடியில்லாத சிவப்பு சோப்பு டப்பாவும் இல்லை. அந்த இடத்தைக் கொத்தி மிளகாய்ச் செடி நட்டிருந்தார்கள். வீட்டின் மறுபக்கத்தில், எங்கள் மனையிலிருந்து எந்தக் கட்டிலில் யார் ஏறினாலும் தெரியாத இடத்தில், தகரத்தால் புது மறைப்பு நின்றது; அவ்வளவு உயரத்திலிருந்த எனக்கே அதன் விளிம்புதான் தெரிந்தது.

ஒன்பது வயசுக்கு அது புரியாத விஷயமா? புரிந்தது. ஜன்னலுக்கு இனித் தடை இல்லை என்று நன்றாகவே புரிந்தது. ஜன்னல் வந்தால் அதில் உம்மாவின் முகம் வரும், முகத்தில் கண் இருக்கும், அந்தக் கண் நேராக மூன்றாவது கிளையில் விழும் என்பதும் புரிந்தது.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். சாப்பிடும்போது, "வாப்பா, கீழ் வீட்டுல மொளகாச் செடி—" என்று ஆரம்பித்தேன். "அந்த வீட்டுப் பேச்சு இங்க வேணாம்" என்றார் வாப்பா. அப்பாடா என்றிருந்தது. சொல்லிவிட்டேன், கேட்கவில்லை, இனி என் பொறுப்பில்லை. குழந்தைகள் கள்ளமில்லாதவர்கள் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சலாக வருவது இதனால்தான்.

தம்பி மகன் கட்டட எஞ்சினியர். போன மாதம் வந்து லேப்டாப்பை என் மடியில் வைத்து, ஏதோ கருத்தரங்கில் பேசப்போவதைக் காட்டினான். இயற்கையைக் கெடுக்காமல் வீடு கட்டுவது பற்றி இஸ்லாம் சொல்வது. படம் படமாக வந்தது. வீண்விரயம் கூடாது. மரம் ஒரு தர்மம். தண்ணீர் ஒரு அமானிதம், நம்மிடம் ஒப்படைத்த பொருள். அண்டை வீட்டாரின் காற்றும் கண்ணியமும் அவர்கள் உரிமை. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, நீலமும் பச்சையுமாக. "எப்படி மாமி?" என்றான்; எங்களில் அத்தையை மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். "இதுக்குள்ளே நான் குடியிருந்திருக்கேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "எல்லாம் சரிதான்டா" என்றேன். "உள்ளே அடுப்பு ஊதுறவளையும் ஒரு படத்துல போடு." குறித்துக்கொண்டான். நிஜமாகவே போடுவான், நல்ல பிள்ளை. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் தொல்லையே.

அந்த வருஷத்து மழை ஒரு மத்தியானம் இறங்கியது. முதல் நாளே விறகு நனைந்தது. மூன்றாம் நாள் உம்மா அடுப்பங்கரை வாசலில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவல்பழ நிறம். வாப்பா முழங்கால்வரை சேற்றில் ஓடி டாக்டரைக் கூட்டிவந்தார். ஊசி போட்டார்கள். டாக்டர் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார், குனிந்து. "இந்த மழைக்காலம் இவங்க இங்கே இருக்கக் கூடாது. அடுத்த ஷிப்பில் அனுப்பிடுங்க" என்றார். வாப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு முழுக்க அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஓதினார். சுத்தியலை எடுக்கவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை உங்களுக்கு அதே நினைப்பாக இருக்கும். உம்மா திரும்பி வந்தாள், ஒன்றரை வருஷம் கழித்து. அதற்குள் தம்பி நடக்கவும் பேசவும் கற்று, வாப்பாவைப் பார்த்து அந்நிய ஆள் என்று அழுதான். எனக்கே சொந்தமாகத் தலை பின்னத் தெரிந்துவிட்டது. ஜன்னலும் இருந்தது. ஆனால் உம்மாவின் நெஞ்சு அதற்குப் பிறகு ஒருநாளும் முழுசாக விசில் இல்லாமல் இருந்ததில்லை.

கப்பல் ஏறிய நாள் தூறல். பள்ளிக்கூடம் இருப்பதால் நான் வாப்பாவோடு இருப்பது, தம்பி உம்மாவோடு போவது என்று முடிவாகியிருந்தது. ஜெட்டியில் ஒரே கூட்டம், ஈரக் கயிறும் டீசலும் வெங்காய மூட்டையும் கலந்த வாடை. உம்மாவின் டிரங்குப் பெட்டி ஏற்கெனவே மேலே போய்விட்டது. வாப்பா குடையை முழுக்க உம்மா பக்கம் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டிருந்தார்.

அப்போது கீழ் வீட்டு அம்மா வந்தாள், இரண்டடி பின்னால் அவள் வீட்டுக்காரர். அவர் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"பாயம்மா, இழுப்பு சாஸ்தியாயிட்டுன்னு கேள்விப்பட்டேன்" என்று ஒரு பொட்டலத்தை உம்மா கையில் வைத்தாள். "தூதுவளைப் பொடி. எங்கம்மை ஊருல இருந்து அனுப்புனது. தேன்ல கொழச்சுச் சாப்பிடுங்க."

உம்மா பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மனசுல ஒண்ணு கெடந்து உறுத்துது, கேட்டுருதேன்" என்றாள் அவள். "ஒரு ஜன்னல வைக்காம, ஏன் இப்படிப் புகைக்குள்ள கெடந்தீய?"

"நீங்க குளிக்கிற எடம்..." என்றாள் உம்மா.

"அதை அப்பமே மாத்தியாச்சுல்லா. பாய் வந்து கேட்டுட்டுப் போன மறுநாளே. இவுக கோவப்பட்டாவ, இல்லேங்கல. பொறவு ராத்திரி நான்தான் சொன்னேன், அந்தப் பாயம்மா இருமுதது நமக்கே கேக்கு, பாவம், மறைப்பை அந்தப் பக்கம் மாத்துவோம், அவுக ஜன்னல வச்சுக்கிடட்டும்னு. ஒரு நாள் லீவு போட்டுத் தகரத்துல கட்டுனாவ. ஜன்னல் வரும் வரும்னு நானும் பாக்கேன், சுவரு அப்படியே நிக்கி."

வாப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "யாரும் சொல்லலியே" என்றார் தரையைப் பார்த்து.

"என்னத்தவே சொல்ல?" கிளார்க் முதல்முறையாகத் திரும்பினார். "வீட்டுப் பொம்பள குளிக்க எடத்தை மாத்திட்டோம்னு உம்ம கடையில வந்து சொல்லவா? மொளகாச் செடி இடுப்பளவு நிக்கி. அந்த வழியாத்தான தெனமும் போறீரு. பாக்கலையா?"

"பாக்கக் கூடாதுன்னுதான் குடையைச் சாச்சுக்குவேன் சார்."

கிளார்க் வாப்பாவின் கையிலிருந்த குடையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க மூஞ்சியில முழிக்கப் பிடிக்காம குடையால மறைக்கீருன்னுலா நாங்க நெனச்சோம்."

தூறல் குடையில் விழுந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும், நான் பார்த்தேன் என்று சொல்ல அப்போதும் ஒரு இடம் இருந்தது. நான் உம்மாவின் துப்பட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

கப்பல் ஒரு தடவை ஊதியது. ஆட்கள் ஏணிப் பக்கம் நெருக்கினார்கள்.

"இந்தக் கப்பலை விட்டுடு புள்ள" என்றார் வாப்பா. "வீட்டுக்குப் போனதும் நானே சுவரை ஒடைக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள காத்து வந்துடும்."

உம்மா தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். என் தலையில் கை வைத்து, நெற்றி முடியை ஒதுக்கி, முத்தினாள். புகை வாசம். ஏணியில் இரண்டு படி ஏறி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சு சேர்த்தாள். ஒரு விசில் உள்ளே போயிற்று, ஒரு விசில் வெளியே வந்தது. பிறகு திரும்பி, வாப்பாவை மட்டும் பார்த்தாள்.

"மறுமையில இந்த அம்மா ஒங்களுக்கு நல்ல சாட்சி சொல்லுவாங்க" என்றாள். "நான் என்ன சொல்றதுன்னு கப்பல்ல போயி யோசிக்கிறேன்."